ஊர்வலத்துக்கு மறுநாள்

2019 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை. மாண்ட்ரியல் நகரத்தின் மெட்ரோ ரயிலிலும் பேருந்திலும் அன்று யாரும் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கவில்லை. பருவநிலை ஊர்வலத்துக்கு மக்கள் வந்து சேரட்டும் என்று மாநகரப் போக்குவரத்து நிறுவனமே கட்டணத்தை விட்டுக்கொடுத்திருந்தது. ஸ்வீடனிலிருந்து வந்திருந்த பதினாறு வயது கிரெட்டா துன்பெர்க் முன்வரிசையில் நடந்தார். அப்போதைய மேயர் வலேரி பிளான்ட் அவருக்கு நகரத்தின் சாவியை வழங்கினார். வந்தவர்கள் ஐந்து லட்சம் பேர் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். ஏறத்தாழ பதினேழு லட்சம் பேர் வாழும் நகரத்தில் அது எவ்வளவு பெரிய கூட்டம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மாண்ட்ரியலுக்கு ஊர்வலம் புதிதல்ல. மொழிக்காக, வாடகைக்காக, கல்லூரிக் கட்டணத்துக்காக, ஈராக் போருக்கு எதிராக என்று மைனஸ் இருபது டிகிரிக் குளிரிலும் தெருவில் இறங்கிப் பழகிய ஊர் அது. செய்தியாளர்களின் கேமராக்கள் வருவதும் தெருவில் கூட்டம் இருக்கும்வரைதான். மறுநாள் காலையில் பதாகையைச் சுருட்டி வைத்தவர்களில் எத்தனை பேர் அடுத்ததாக ஒரு காரியம் செய்தார்கள், என்ன செய்தார்கள் என்பதைத் தேடிப் போனால், ஐம்பது ஆண்டுக்கும் மேலான ஒரு சரித்திரம் அந்த ஊரில் கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி கூட்டங்களும் கோப்புகளும்தான்.

தொடக்கம் 1960களின் இறுதி. மெகில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் மில்டன்-பார்க் என்றொரு குடியிருப்புப் பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய சாம்பல்நிறக் கல்வீடுகள். குடியிருந்தவர்கள் பெரும்பாலும் குறைந்த வாடகைக்கு இருந்த தொழிலாளர்கள், மாணவர்கள், முதியவர்கள், குடியேறி வந்தவர்கள். கன்கார்டியா எஸ்டேட்ஸ் என்ற மனை வணிக நிறுவனம் அங்கிருந்த வீடுகளை ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டே வந்தது. அந்தப் பகுதியின் பெரும்பங்கு கைக்கு வந்ததும் திட்டத்தை வெளியே விட்டது: வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டு அடுக்குமாடிக் கோபுரங்கள், ஓட்டல், அலுவலகங்கள், கடைவளாகம்.

1968இல் குடியிருப்போர் ஒரு குழு அமைத்தார்கள். ஊர்வலம் போனார்கள், மனுக் கொடுத்தார்கள், தெருவிழா நடத்தி ஆள் சேர்த்தார்கள். 1972 மே மாதம் நிறுவனத்தின் அலுவலகத்திலேயே உள்ளிருப்புப் போராட்டம் நடந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். பின்னர் ஜூரிகள் அவர்களை விடுவித்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் 255 வீடுகள் தரைமட்டமாகிவிட்டன. 'லா சித்தே' என்ற பெயரில் அன்று எழுந்த கோபுரங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. போராட்டத்தை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் அது தோல்விதான். குழுவிலிருந்து பலர் சோர்ந்து விலகியும் போனார்கள்.

விலகாத சிலரில் இருவர் முக்கியமானவர்கள். லூசியா கோவாலுக் சமூகப்பணியாளர். அவருடைய துணைவர் டிமிட்ரி ரூஸோபுலோஸ் பதிப்பாளர். 1960களில் அணுஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். இவர்களோடு கட்டடக்கலைஞர் ஃபிலிஸ் லாம்பர்ட்டும் சேர்ந்துகொண்டார். சீக்ராம் மதுபானச் சாம்ராஜ்யத்தின் வாரிசுகளில் ஒருவர் அவர். 1973இல் ஷெர்புரூக் தெருவில் இருந்த வான் ஹார்ன் மாளிகையை ஒரு கட்டுமான நிறுவனம் இடித்துத் தள்ளியபோது நகரமே கொதித்தது. பழைய கட்டடங்களைக் காப்பதற்கென்று 'ஹெரிடேஜ் மாண்ட்ரியல்' என்ற அமைப்பு 1975இல் உருவானதில் லாம்பர்ட்டுக்குப் பெரும் பங்குண்டு.

அந்த ஆண்டுகளில் விலைவாசி ஏறியது. முதல் கட்டத்தை முடித்த நிறுவனத்துக்குக் கையில் பணம் வற்றியது. மிச்சமிருந்த வீடுகளை விற்கப் போகிறார்கள் என்று தெரிந்தபோது, வாங்குவதற்கு ஒரு வழியைச் சொல்லத் தயாராக இருந்தவர்கள் இந்தக் குழுவினர்தான். மத்திய அரசின் வீட்டுவசதி நிறுவனத்திடம் போய்ப் பேசினார்கள். 1979இல் அந்த நிறுவனம் வீடுகளை வாங்கியது. அதன் பிறகு நடந்தவை செய்தித்தாளில் தலைப்புச் செய்தியாகவில்லை. ஒவ்வொரு தெருவிலும் குடியிருப்போர் கூட்டம், கூட்டுறவுச் சங்கத்துக்குச் சட்டதிட்டம் எழுதுவது, கூரையைப் பழுதுபார்க்க எஸ்டிமேட் வாங்குவது, பழைய வாடகைதாரர் யாரும் வெளியேற்றப்படாமல் மராமத்து நடத்துவது. இப்படியே எட்டு ஆண்டுகள். 1987இல் கியூபெக் சட்டமன்றம் இதற்கென்றே தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 616 குடியிருப்புகள், 15 கூட்டுறவுச் சங்கங்கள், 6 இலாப நோக்கற்ற வீட்டுவசதி அமைப்புகள். நிலம் பொதுவில் இருக்கும். வீட்டை விலையேற்றி விற்று இலாபம் பார்க்க முடியாது என்று ஆவணத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள். வட அமெரிக்காவின் மிகப்பெரிய கூட்டுறவுக் குடியிருப்புகளில் ஒன்றாக அது இன்று பேசப்படுகிறது.

1972இல் கைதானவர்களை வீரர்களாகக் கொண்டாடுவது எளிது. கூரை மராமத்துக்கு மூன்று எஸ்டிமேட் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு யாரும் பாட்டெழுதுவதில்லை. ஆனால் அந்த 616 வீடுகள் நிற்பதற்கு இரண்டாவது வகையினரும் காரணம். எண்ணிக்கையிலும் காலத்திலும் அவர்கள் போட்ட உழைப்பே அதிகம்.

இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. 2000களின் தொடக்கத்தில் மாண்ட்ரியல் மாநகராட்சி, நகர ஜனநாயகத்தை எப்படி வளர்ப்பது என்று யோசனை சொல்ல ஒரு பணிக்குழுவை அமைத்தது. அதன் தலைவர் மில்டன்-பார்க்கின் அதே ரூஸோபுலோஸ். அந்த முயற்சியில் பிறந்ததுதான் 'மாண்ட்ரியல் உரிமைகள், பொறுப்புகள் சாசனம்'. 2006 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2010 முதல் அதில் ஒரு புதிய உரிமை சேர்ந்தது: 15,000 கையெழுத்துத் திரட்டினால் ஒரு பொதுப் பிரச்சினையைப் பற்றி மாநகராட்சி மக்களிடம் கருத்துக் கேட்டே ஆக வேண்டும். கேட்பதை நடத்துவதற்கென்று 2002இல் உருவான தனி அலுவலகம் ஒன்றும் இருக்கிறது.

நம் வாசகர்கள் இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கையெழுத்துப் போடக் கனடியக் குடியுரிமை தேவையில்லை. நகரத்தில் வசிக்கிற, 15 வயது நிரம்பிய யாரும் போடலாம். வாக்குச்சீட்டு கிடைக்காத அகதிக்கும், படிக்க வந்த மாணவருக்கும், நிரந்தரக் குடியிருப்பு அட்டையோடு காத்திருப்பவருக்கும் அந்தத் தாளில் இடம் உண்டு.

முதலில் இந்த உரிமையைப் பயன்படுத்தியவர்கள் மொட்டைமாடியிலும் காலிமனையிலும் காய்கறி வளர்க்க ஆசைப்பட்டவர்கள். 2011இல் நகர்ப்புற வேளாண்மை பற்றிக் கருத்துக் கேட்கச் சொல்லி, தேவையைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 29,000 கையெழுத்துகளை அள்ளிக் கொண்டுவந்தார்கள். தக்காளிச் செடிக்காக மாநகராட்சியைக் கூட்டம் போட வைத்த பெருமை அவர்களுக்கு.

2018இல் விஷயம் கனமானது. கனடியக் கால்பந்து லீகில் மாண்ட்ரியல் அலுவெட்ஸ் அணிக்கு ஆடியவர் பலராமா ஹோல்னெஸ். முந்தைய ஆண்டு மாண்ட்ரியல்-நோர் வட்டாரத் தேர்தலில் நின்று தோற்றிருந்தார். தோற்றவர் வீட்டுக்குப் போகாமல், அமைப்புரீதியான நிறவெறி, பாகுபாடு பற்றி நகரம் கருத்துக் கேட்க வேண்டும் என்று கையெழுத்து இயக்கம் தொடங்கினார். ஒரு கோடைக்காலம் முழுக்க இளைஞர்கள் தாள் அட்டையோடு திருவிழாக்களிலும் மெட்ரோ வாசல்களிலும் நின்றார்கள். 22,000 கையெழுத்துகள் சேர்ந்தன. மாநகராட்சி சரிபார்த்தபோது 16,700 செல்லுபடியாயின. 15,000 போதும் என்று நிறுத்தியிருந்தால் மொத்த உழைப்பும் வீணாகியிருக்கும். மனு இயக்கம் நடத்துகிறவர்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

கருத்துக் கேட்பில் 7,000 பேருக்கு மேல் பங்கெடுத்தார்கள். அறிக்கை தயாராகிக்கொண்டிருந்தபோது, 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்குக் கீழே மூச்சடைத்து இறந்தார். மாண்ட்ரியல் தெருக்களிலும் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். 38 பரிந்துரைகளோடு அறிக்கை வெளியானது ஜூன் 15 அன்று. மேயர் பிளான்ட், அமைப்புரீதியான பாகுபாடு இருக்கிறது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2021 ஜனவரியில் நிறவெறியை எதிர்கொள்வதற்கென்று மாநகராட்சியில் ஓர் ஆணையர் பதவி உருவாகி, போஷ்ரா மனாய் நியமிக்கப்பட்டார். ஊர்வலத்துக்குப் பின்னால் மனு என்பது வழக்கமான வரிசை. இங்கே மனு முன்னால் போய் இரண்டு ஆண்டு காத்திருந்தது. தெரு பொங்கியபோது, 'இதைச் செய்யுங்கள்' என்று நீட்டக் கையில் ஒரு தாள் இருந்தது.

எல்லாம் நலமே முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. ஹோல்னெஸ் 2021இல் மேயர் தேர்தலில் நின்று மூன்றாவதாக வந்தார். கருத்துக் கேட்பு நடத்தும் அலுவலகமே 2023இல் வெளிநாட்டுப் பயணம், விருந்துச் செலவு என்று பத்திரிகைகளில் அடிபட்டது. அதன் தலைவரை மாநகர மன்றம் பதவி நீக்கியது. மக்களின் காதாக இருக்க வேண்டிய அலுவலகத்தையும் மக்கள்தான் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நடுவே வந்தது 2012இன் மாணவர் கிளர்ச்சி. கியூபெக் முதல்வர் ஜான் ஷாரே அரசு பல்கலைக்கழகக் கட்டணத்தை ஐந்து ஆண்டுகளில் 2,168 டாலரிலிருந்து 3,793 டாலராக உயர்த்தப்போவதாக அறிவித்தது. பிப்ரவரியில் தொடங்கிய வேலைநிறுத்தம் உச்சத்தில் இருந்தபோது சுமார் மூன்று லட்சம் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். சட்டையில் குத்திய சிறு சிவப்புச் சதுரத் துணி அவர்களின் அடையாளம். மே 18 அன்று அரசு ஊர்வலங்களைக் கட்டுப்படுத்தி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. உடனே மாணவர் அல்லாதவர்களும் கொதித்தெழுந்தார்கள். தினமும் இரவு எட்டு மணிக்குப் பால்கனியிலும் தெருமுனையிலும் நின்று பானை, வாணலியைக் கரண்டியால் தட்டினார்கள். பாட்டிகளும் கைக்குழந்தைக்காரர்களும் சேர்ந்துகொண்ட போராட்டம் அது.

தட்டியவர்கள் அடுத்து எங்கே போனார்கள்? சிலர் சட்டமன்றத்துக்கு. மாணவர் தலைவர்களில் ஒருவரான லியோ பியூரோ-ப்ளுவான், அந்தச் செப்டம்பரில் லவால்-தெ-ராப்பித் தொகுதியில் வென்றபோது வயது 20. ஆட்சி மாறியது, புதிய முதல்வர் போலின் மாருவா கட்டண உயர்வை ரத்து செய்தார். ஆனாலும் அடுத்த ஆண்டே, வருடத்துக்குச் சுமார் 3 சதவீதம் உயரும் என்று முடிவானது. பியூரோ-ப்ளுவான் 2014இல் தோற்றுப்போனார். இன்னொரு தலைவர் கேப்ரியல் நாதோ-துபுவா நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம்வரை போய் 2016இல் விடுதலை பெற்று, மறு ஆண்டு குவென் தொகுதியில் வென்று சட்டமன்றம் போனார். வேறு சிலர் பானைச் சத்தத்தில் அறிமுகமான அண்டைவீட்டாரோடு பேட்டை பேட்டையாக மக்கள் சபைகள் தொடங்கினார்கள். பூங்காவில் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். கோடை போனதும் அவற்றில் பெரும்பாலானவை கரைந்தன. எதைப் பற்றியும் பேசலாம் என்றிருந்த கூட்டத்துக்கு, அடுத்த வாரம் எதை முடிக்க வேண்டும் என்ற குறி இல்லாமல் போனது ஒரு காரணமாக இருக்கலாம்.

நீண்ட தூரம் ஓடியவர் ஒரு பாண்டா கரடி. கல்லூரியில் தத்துவம் கற்பித்த ஜூலியன் வில்நவ், பாண்டா வேடத்தில் ஊர்வலத்துக்கு வந்து மாணவரையும் போலீஸ்காரரையும் கட்டிப்பிடிப்பார். 'அனார்கோபாண்டா' என்று ஊரே அழைத்தது. மாநகராட்சியும் அதே மே மாதத்தில் பி-6 என்ற தன் துணைவிதியைத் திருத்தியிருந்தது: ஊர்வலப் பாதையை முன்கூட்டியே போலீசிடம் சொல்ல வேண்டும், முகமூடி கூடாது. இதன்படி ஊர்வலக்காரர்களைக் கொத்துக்கொத்தாகச் சுற்றிவளைத்து அபராதச் சீட்டு கொடுத்தார்கள். வில்நவ் வழக்குப் போட்டார். 2016இல் உயர் நீதிமன்றம் விதியின் சில பகுதிகளை அடித்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பாதையைச் சொல்ல வேண்டும் என்ற பகுதியையும் செல்லாததாக்கியது. 2019இல் மாநகராட்சி பி-6 ஐ முழுதாகக் கைவிட்டது. சுற்றிவளைக்கப்பட்டவர்கள் சேர்ந்து தொடுத்த கூட்டு வழக்குகள் 2023இல் சமரசத்தில் முடிந்தன: 3,000க்கும் மேற்பட்டோருக்காக 60 லட்சம் டாலர் இழப்பீடு, கூடவே மாநகராட்சியின் மன்னிப்பு. கிளர்ச்சி நடந்தது சில மாதங்கள். அதன் பில் தீர்ந்தது பதினோராவது ஆண்டில்.

நமக்கும் இந்தக் கணக்குத் தெரியும். 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டம் ஒரே வாரத்தில் ஜல்லிக்கட்டுச் சட்டத்தைப் பெற்றுத்தந்தது. அந்தச் சட்டம் நிலைக்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது 2023 மே மாதம்தான்.

2019இன் பருவநிலை ஊர்வலத்துக்கு வருவோம். கியூபெக்கில் 'பாப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு சுற்றுச்சூழல் கருத்துக் கேட்பு வாரியம் 1978 முதல் இருக்கிறது. அணுஉலைக்கும் சுரங்கத்துக்கும் ஆட்சியர் தலைமையில் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது ஓரளவு பரிச்சயம்தான். ஆனால் இங்கே கேட்பது இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் மக்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். நிறுவனமும் அரசுத் துறைகளும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில்களைப் படித்துவிட்டு இரண்டாம் கட்டத்தில் மக்கள் தங்கள் கருத்தை எழுத்தில் தரலாம். 2020 இலையுதிர்காலத்தில் வாரியத்தின் முன் இருந்தது சாகனே பகுதியில் இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கி ஏற்றுமதி செய்யும் திட்டம். 780 கிலோமீட்டர்க் குழாய்ப்பாதை அதற்கு எரிவாயு கொண்டுவரும். வாரியத்துக்கு வந்து சேர்ந்த கருத்துரைகள் 2,500க்கும் மேல். அதன் வரலாற்றிலேயே அதுவரை வந்திராத எண்ணிக்கை. 2021 மார்ச்சில் வெளியான அறிக்கை திட்டத்துக்குச் சாதகமாக இல்லை. ஜூலை 21 அன்று கியூபெக் அரசு திட்டத்தை நிராகரித்தது.

ஐந்து லட்சம் காலடிகளுக்குப் பக்கத்தில் 2,500 கருத்துரை சிறிய எண். இரண்டும் ஒரே மக்கள்தான் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அரசு 'மக்கள் ஆதரவு இல்லை' என்ற காரணத்தைச் சொல்லித் திட்டத்தைக் கைவிடும்போது, அதற்கு ஆவணச் சான்றாக மேசையில் இருந்தது இந்தச் சிறிய எண்தான்.

இனி நம்மவர் கதை. 1980களில் மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கிய ஈழத்தமிழர் பலருக்கு முதல் கனடிய முகவரி மாண்ட்ரியல். பின்னர் பலர் டொராண்டோவுக்கு நகர்ந்தார்கள். 2009இல் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது ஒட்டாவா நாடாளுமன்றத்தின் முன் வாரக்கணக்கில் நின்றார்கள்; மே 10 அன்று டொராண்டோவின் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். போர் நிற்கவில்லை. அந்தக் கையறுநிலையில் வீட்டுக்குத் திரும்பியவர்களில் பலர் அரசியலே வேண்டாம் என்றிருந்தால் அது புரிந்துகொள்ளக்கூடியதே. நடந்தது வேறு. 2011 தேர்தலில் ஸ்கார்பரோ-ரூஜ் ரிவர் தொகுதியில் ராதிகா சிற்சபைஈசன் கனடாவின் முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2015இல் கெரி ஆனந்தசங்கரி வந்தார். 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக நாடாளுமன்றம் ஏற்றது. 2022 மே 18 அன்று, அந்த நாளைத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக அங்கீகரிக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நெடுஞ்சாலை மறியலுக்கும் அந்தத் தீர்மானத்துக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். அதில் வீடுவீடாகக் கதவு தட்டிய தேர்தல் பணியே எத்தனையோ.

டொராண்டோவில் வாக்கு எண்ணிக்கை பலம் உண்டு. மாண்ட்ரியல் தமிழர்களுக்கு அது குறைவு. பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோத்-தெ-நேஜிலும் வங்காளிகள், பாகிஸ்தானியர், பிலிப்பினோக்கள், ஹெயிட்டியர் என்று பலரோடு கலந்து வாழ்கிறார்கள். அங்கே எரியும் பிரச்சினை வாடகையும் வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் நோட்டீசும். 2019இல் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் பார்க் எக்ஸ்டென்ஷனின் எல்லையில் திறந்த பிறகு அந்தப் பயம் கூடியது. வட்டாரத்தின் குடியிருப்போர் நடவடிக்கைக் குழு, நோட்டீசைத் தூக்கிக்கொண்டு வருகிறவரோடு உட்கார்ந்து அதை வாசித்துக்காட்டி, கியூபெக்கின் வாடகைத் தீர்ப்பாயத்தில் எப்படி எதிர்ப்பது என்று சொல்லிக்கொடுக்கிறது. ஊர்வலமும் நடத்துகிறது. ஊர்வலத்தில் முதல்முறை பார்த்த முகம் மறுவாரம் அந்த அலுவலகத்துக்கு நோட்டீசோடு வருவதும் உண்டு.

நகரத்தில் 19 வட்டாரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்றம். அனேகமாக மாதம் ஒரு கூட்டம், மாலைநேரத்தில். தமிழ்நாட்டின் கிராம சபை ஆண்டில் ஆறு நாள் கூடுகிறதென்றால், இங்கே கேள்வி நேரம் மாதந்தோறும் வருகிறது. முன்பே பெயர் பதிவு செய்துகொண்டு எழுந்து நின்று கேட்கலாம்: என் தெருவில் ஆறு மாதமாகக் காலியாகக் கிடக்கும் கட்டடத்தை என்ன செய்யப்போகிறீர்கள், பேருந்து நிறுத்தத்துப் பனியை ஏன் அள்ளவில்லை. பதில் திருப்தியாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் கேள்வி பதிவாகிறது. அடுத்த மாதம் அதே கேள்வியோடு மூன்று பேர் வந்தால் கவுன்சிலருக்கு முகம் ஞாபகத்துக்கு வந்துவிடும். குடியுரிமைச் சான்றிதழ் அங்கேயும் யாரும் கேட்பதில்லை.